கல்லூரி விண்ணப்பம்: கடைசித் தேதிக்கு முன்பே அனுப்பி முடிக்க முழுமையான வழிகாட்டி

கல்லூரியின் இணைய விண்ணப்பப் படிவத்தை நிரப்ப, எல்லாம் கையில் இருந்தால், இரண்டு மணி நேரம் போதும். அந்த 'எல்லாம் கையில் இருந்தால்' என்பதில்தான் சிக்கலே. ஆசிரியர் எழுத வேண்டிய பரிந்துரைக் கடிதம், பள்ளி அலுவலகம் முத்திரையிட்டுத் தர வேண்டிய மதிப்பெண் பட்டியல், தேர்வு நடத்தும் அமைப்பு நேரடியாக அனுப்ப வேண்டிய மதிப்பெண், வங்கி அனுமதிக்க வேண்டிய கட்டணம் ஆகிய நான்கும் விண்ணப்பிப்பவரின் கட்டுப்பாட்டில் இல்லாதவை. ஆகவே வேலையின் வரிசையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பிறர் கையில் இருப்பதை முதலில் தொடங்குங்கள். உங்கள் கையில் இருப்பது காத்திருக்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

முதல் படி: எத்தனை கடைசித் தேதிகள் என்று எண்ணுங்கள்

அறிவிப்பில் தடித்த எழுத்தில் இருக்கும் ஒரு தேதியை மட்டும் குறித்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். பதிவு செய்ய ஒரு நாள், கட்டணம் செலுத்த ஒரு நாள், படிவத்தைச் சமர்ப்பிக்க ஒரு நாள், ஆவணங்களும் பரிந்துரைகளும் வந்து சேர இன்னொரு நாள் என்று நான்கு தேதிகள் இருக்கக்கூடும். உதவித்தொகைக்கும் விடுதிக்கும் தனித் தேதி இருந்தால், அது சேர்க்கைக்கான தேதிக்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அவற்றில் மிக முந்தியதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களையும் கவனியுங்கள். 'அனுப்பக் கடைசி நாள்' என்பதும் 'வந்து சேரக் கடைசி நாள்' என்பதும் வேறு. முதலாவதில் அஞ்சல் முத்திரையின் தேதி காப்பாற்றும். இரண்டாவதில் உறை மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து நேரம். நள்ளிரவு 12:00 என்று போட்டிருந்தால், அந்த நாளின் தொடக்கமா முடிவா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. தொடக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. எல்லாக் கெடுவும் நள்ளிரவில்தான் முடியும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனின் இளங்கலைப் படிப்புகளுக்கான பொது விண்ணப்பத் தளமான யூகாஸில் கெடு மாலை 6 மணிக்கு முடிகிறது, அதுவும் பிரிட்டன் நேரப்படி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கான அக்டோபர் கெடுவின்போது அங்கே கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும். ஜனவரி கெடுவின்போது இருக்காது. அதனால் உலகப் பொது நேரமான யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும் யூடிசி+5:30 மண்டலத்தில் இருப்பவருக்கு அக்டோபரில் இரவு 10:30, ஜனவரியில் இரவு 11:30. யூடிசி+8 மண்டலத்தில் இருப்பவருக்கு அதே கெடு மறுநாள் அதிகாலை 1 மணி, 2 மணி என்று மாறும். போன தடவை கணக்குப் போட்டதை அப்படியே இந்தத் தடவைக்கும் வைத்துக்கொள்பவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கும் காமன் ஆப் தளம் வேறு வழியில் போகிறது. அங்கே இரவு 11:59 என்பது விண்ணப்பிப்பவர் இருக்கும் இடத்து நேரம். ஆனால் சொந்தத் தளம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஊர் நேரத்தையே பார்க்கும். சில முதுகலை, ஆய்வுப் படிப்புகளில் 'ஏஓஇ' என்ற குறிப்பைப் பார்க்கலாம். பூமியில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி இன்னும் முடியாமல் இருந்தால் போதும் என்பது அதன் பொருள். கணக்கில் அது யூடிசி-12. யூடிசி+5:30 இல் இருப்பவருக்கு மறுநாள் மாலை 5:29 வரை அவகாசம். இதை அவகாசமாக நம்பித் தூங்கிவிடாமல், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நேரத்தை உங்கள் கடிகாரத்துக்கு மாற்றியதும், அதிலிருந்து 72 மணி நேரத்தைக் கழியுங்கள். அதுதான் உங்கள் கெடு. ஏன் 72? கட்டணம் தோற்றால் பணம் திரும்பவோ உறுதியாகவோ ஓரிரு வேலை நாட்கள் ஆகலாம். தொழில்நுட்ப உதவிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வர ஒரு வேலை நாளாவது ஆகும். நடுவே ஒரு விடுமுறை வந்தால் அதற்கும் இடம் வேண்டும். கெடு திங்கட்கிழமை என்றால் 72 மணி நேரம்கூடப் போதாது. முந்தைய புதன்கிழமையைப் பிடியுங்கள்.

இரண்டாம் படி: பிறர் கையில் இருப்பவை

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆறு வாரம் முன்பே கேளுங்கள். நான்கு வாரத்துக்குக் குறைந்தால் கேட்பதே சங்கடம். கேட்கும்போது வெறும் வேண்டுகோளாகக் கேட்காமல் ஒரே மின்னஞ்சலில் இவற்றைக் கொடுங்கள்: கல்லூரியின் பெயர், படிப்பு, கடிதம் எந்த வழியில் போக வேண்டும், கடைசித் தேதி (உண்மையான தேதிக்கு ஒரு வாரம் முந்தியது), உங்கள் மதிப்பெண்கள், அவருடைய வகுப்பில் நீங்கள் செய்த ஒன்றிரண்டு குறிப்பிட்ட வேலைகள். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்ற பொதுக் கடிதம்தான் வரும். அதில் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படிவத்தில் ஆசிரியரின் மின்னஞ்சலைப் பதிந்ததும் கல்லூரித் தளம் அவருக்கு ஓர் இணைப்பை அனுப்பும். அந்த மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் விழுவது சாதாரணம். பதிந்த அன்றே அவரிடம் 'வந்ததா' என்று கேளுங்கள். பல தளங்களில், நீங்கள் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே பரிந்துரை கோரிக்கை மட்டும் தனியாகப் போய்விடும்; சிலவற்றில் நீங்கள் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகை என்றால் உங்கள் சொந்தக் கெடு இன்னும் இரண்டு வாரம் முன்னால் நகர வேண்டும். இதை உதவிப் பக்கத்தில் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

'இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா' என்ற கேள்வி அமெரிக்க விண்ணப்பங்களில் வரும். விட்டுக்கொடுப்பதே வழக்கம், அப்போதுதான் கடிதம் மனம் திறந்து எழுதப்பட்டது என்று கல்லூரி எடுத்துக்கொள்ளும். பதிலளித்துக் கோரிக்கை போன பிறகு மாற்றுவது கடினம்.

யூகாஸில் பள்ளி வழியாக விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். மாணவர் 'அனுப்பு' என்று அழுத்தியதும் விண்ணப்பம் யூகாஸுக்குப் போவதில்லை, பள்ளிக்குப் போகிறது. பள்ளி பரிந்துரையைச் சேர்த்து, சரிபார்த்து, அதன் பிறகே மேலே அனுப்புகிறது. பள்ளி தனக்கென்று ஒரு முந்திய கெடு வைத்திருப்பது இதனால்தான்.

அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலை அலுவலகத்தில் கேட்கும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: மூடி முத்திரையிட்ட உறையில் தருவார்களா, மின்னஞ்சலில் நேரடியாக அனுப்புவார்களா, எத்தனை நாளாகும்? முத்திரையிட்ட உறையைப் பிரித்தால் அது செல்லாது. ஆகவே கேட்கும்போதே உங்களுக்கென்று இன்னொரு பிரதியும் கேளுங்கள். பதிவேற்றத்துக்கு அது தேவைப்படும்.

ஆங்கிலத் திறன் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபெல் ஆகியவற்றின் மதிப்பெண்கள் தேர்வு எழுதிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குச் செல்லும். தேர்வு எழுதியதும் மதிப்பெண் தானாகக் கல்லூரிக்குப் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். பெறும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும், அது போய்ச் சேரவும் சில நாட்கள் ஆகும். தேர்வைக் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பாவது எழுதிவிட்டால், மதிப்பெண் குறைந்தால் இன்னொரு முறை எழுதவும் இடமிருக்கும்.

சான்றிதழ்கள் வேறு மொழியில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு கேட்பார்கள். நீங்களே மொழிபெயர்த்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்க, 1961 ஹேக் உடன்படிக்கையின்படி தரப்படும் அப்போஸ்டில் முத்திரை பெரும்பாலும் சேர்க்கை உறுதியான பிறகுதான் தேவைப்படும். விண்ணப்பத்துக்கே அது வேண்டும் என்று எழுதியிருந்தால் ஒழிய அதற்காக ஓடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம் படி: பெயர், தேதி, மின்னஞ்சல்

சின்ன விஷயம்தான், ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்படாமல் 'நிறுத்திவைக்கப்படுவது' பெரும்பாலும் இங்கேதான். தேர்வுச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயரோடு முன்னெழுத்து வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை அதிகம். படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கொடுக்கும். முன்னெழுத்தை எதில் போடுவது? வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் கடவுச்சீட்டில் எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதே போல. மற்றபடி, தேர்வுச் சான்றிதழில் உள்ளதே இறுதி. ஓர் இடத்தில் முன்னெழுத்தை விரித்தும் இன்னோர் இடத்தில் சுருக்கியும் எழுதினால் கணினி இரண்டு ஆட்களாகத்தான் பார்க்கும். தனியாக வந்து சேரும் மதிப்பெண் உங்கள் கோப்பில் ஒட்டாமல் அநாதையாகக் கிடக்கும்.

பிறந்த தேதியில் 04/07 என்பது சில தளங்களில் ஜூலை 4, சிலவற்றில் ஏப்ரல் 7. கட்டத்தின் மேலேயோ உள்ளேயோ வரிசை மங்கலாக எழுதியிருக்கும், பாருங்கள்.

கணக்குத் தொடங்கப் பள்ளி கொடுத்த மின்னஞ்சலைப் பயன்படுத்த வேண்டாம். படிப்பு முடிந்ததும் பள்ளி அதை மூடிவிட்டால் சேர்க்கைக் கடிதம் யாருக்கும் போகாது. உங்கள் சொந்த முகவரி, அதுவும் பெயரோடு கூடிய சாதாரண முகவரி போதும். தொலைபேசி எண், அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் கையிலேயே இருக்கப்போகிற எண்ணாக இருக்கட்டும். ஓடிபி அதற்குத்தான் வரும். வேறொருவர் உங்களுக்காகப் படிவம் நிரப்பினால், மின்னஞ்சலும் எண்ணும் அவருடையதாகப் பதிவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்ப எண், பாஸ்வேர்டு இரண்டையும் தாளில் எழுதி வையுங்கள். கெடு நாளன்று பாஸ்வேர்டை மூன்று முறை தவறாக அடித்துக் கணக்குப் பூட்டிக்கொண்டால் அதைத் திறக்கக் காத்திருக்க நேரமிருக்காது.

நான்காம் படி: ஸ்கேன், அளவு, கோப்பு

நேரம் அதிகம் விழுங்குவது இந்த வேலை. இதை ஒரே மாலையில், படிவத்தைத் திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. ஏ4 தாளை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்தால் 2480×3508 பிக்சல், அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் சுருக்காமல் சேமித்தால் 26 எம்பி. 150 டிபிஐக்கு இறங்கினால் 1240×1754. புள்ளிகள் நான்கில் ஒன்றாகக் குறையும், எழுத்து அப்போதும் படிக்க முடியும். வண்ணத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் சுருக்காத அளவு மேலும் மூன்றில் ஒன்றாகும். ஆகவே கோப்பு பெரிதாக இருந்தால் செய்ய வேண்டிய வரிசை: முதலில் டிபிஐயைக் குறையுங்கள், பிறகு நிறத்தை, கடைசியாகத்தான் படத்தைச் சுருக்கும் ஜேபெக் தரத்தை. தரத்தை முதலில் குறைப்பவர்கள் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போன்ற படத்தைத்தான் பெறுவார்கள். முழுக் கறுப்பு-வெள்ளை முறை கோப்பை மிகச் சிறிதாக்கும் என்றாலும் மங்கிய முத்திரையும் நீல மைக் கையெழுத்தும் அதில் காணாமல் போய்விடும். முத்திரை தெரியாத சான்றிதழ் வெறும் தாள்.

மதிப்பெண் எண்கள் மிகச் சிறிய எழுத்தில் இருந்தால் 200 டிபிஐ நல்லது. கோப்பை 100 சதவீத அளவில் திறந்து, மிகச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். உங்களால் படிக்க முடியாததைச் சேர்க்கை அலுவலரும் படிக்க மாட்டார்.

அளவு வரம்பில் ஒரு நுணுக்கம். '200 கேபிக்கு மிகாமல்' என்றால் ஒரு தளம் 2,00,000 பைட் என்று எண்ணும், இன்னொன்று 2,04,800 பைட் என்று எண்ணும். விண்டோஸ் கணினி 1024 கணக்கிலும் மேக் கணினி 1000 கணக்கிலும் காட்டுவதால், உங்கள் திரையில் 199 என்று தெரிவது அங்கே 203 ஆகலாம். வரம்புக்குப் பத்து சதவீதம் கீழே, அதாவது 180க்குள் நிறுத்துங்கள். கீழ் வரம்பையும் பாருங்கள். 'குறைந்தது 20 கேபி' என்று இருக்கும் இடத்தில் 12 கேபிக்குச் சுருக்கிவிட்டு, ஏன் ஏற்கவில்லை என்று புரியாமல் தவிப்பவர்கள் உண்டு.

புகைப்படத்துக்கு 3.5×4.5 செ.மீ. கேட்டால், 300 டிபிஐயில் அது 413×531 பிக்சல். முதலில் 7:9 விகிதத்தில் வெட்டுங்கள், பிறகு அளவைக் குறையுங்கள். வெட்டாமல் அகலத்தையும் உயரத்தையும் நேரடியாக மாற்றினால் முகம் இழுபடும். படத்தின் பண்புகளில் டிபிஐ எண்ணை மட்டும் மாற்றுவதால் எதுவும் நடக்காது. அது அச்சுக்கான குறிப்பு மட்டுமே, தளம் பெரும்பாலும் பிக்சலையும் கேபியையும்தான் பார்க்கிறது. வெள்ளைப் பின்னணி கேட்டிருந்தால் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று எடுங்கள், நிழல் விழாது.

கையெழுத்தைக் கோடில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் சற்றுப் பெரிதாகப் போட்டு, சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிவிட்டுச் சேமியுங்கள். தாள் முழுவதையும் பதிவேற்றினால் கட்டத்துக்குள் ஓர் எறும்பு ஊர்ந்தது போலத்தான் தெரியும்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு: ஐபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை ஹெய்க் வடிவில் சேமிக்கின்றன, பல தளங்கள் அதை ஏற்பதில்லை. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றினால் உள்ளடக்கம் மாறிவிடாது. கேமரா அமைப்புகளில் 'ஃபார்மேட்ஸ்' என்பதற்குள் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு எடுங்கள். ஸ்கேன் செயலியின் இலவசப் பதிப்பு பக்கத்தின் அடியில் தன் பெயரை அச்சிடுகிறதா என்றும் பாருங்கள்.

பிடிஎஃப் கோப்புகளில் மூன்று பொறிகள் உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய சான்றிதழ் பாஸ்வேர்டு போட்டதாக இருக்கலாம். உங்களிடம் திறக்கும், அங்கே திறக்காது. 'பிரிண்ட்' கொடுத்துப் புதிய பிடிஎஃப்பாகச் சேமித்தால் பூட்டு போய்விடும், கூடவே மின்னணுக் கையொப்பமும் போய்விடும். கையொப்பத்தைச் சரிபார்ப்போம் என்று கல்லூரி சொல்லியிருந்தால் மூலக் கோப்பையே எப்படி அனுப்புவது என்று கேளுங்கள். இரண்டாவது, தட்டச்சு செய்து நிரப்பும் பிடிஎஃப் படிவங்கள். நீங்கள் எழுதியது வேறொரு மென்பொருளில் வெற்றுக் கட்டமாகத் தெரியலாம். அதற்கும் பிரிண்ட் வழிதான் மருந்து. மூன்றாவது, இரு பக்கச் சான்றிதழின் பின்பக்கத்தை மறந்துவிடுவது. மதிப்பெண் வழங்கும் முறையின் விளக்கம் அங்கேதான் இருக்கும்.

கோப்பின் பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டும் கொண்டதாக இருக்கட்டும். தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி இருந்தால் சில பழைய தளங்கள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பும்.

ஐந்தாம் படி: கட்டுரையைப் படிவத்துக்கு வெளியே எழுதுங்கள்

என்ன எழுதுவது என்பது வேறொரு வழிகாட்டிக்கான பொருள். இங்கே எப்படி ஒட்டுவது என்பது மட்டும். காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரை அதிகபட்சம் 650 சொல். செயல்பாடுகள் பகுதியில் பத்து பதிவுகள், ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துக்குறிகள்தான். யூகாஸின் தன்விளக்கம் இடைவெளி உட்பட 4,000 எழுத்துக்குறிகள். 2026 சேர்க்கையிலிருந்து அது ஒரே கட்டுரையாக இல்லாமல் மூன்று கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துக்குறிகள். பழைய மாதிரிகளைப் பார்த்து எழுதியவர்கள் பிரித்து எழுத வேண்டியிருக்கும்.

உங்கள் மென்பொருள் காட்டும் எண்ணிக்கையும் தளம் காட்டுவதும் ஒன்றாக இருக்காது. வரி முறிவைத் தளம் ஒன்றாகவோ இரண்டாகவோ எண்ணலாம். வளைந்த மேற்கோள் குறிகள் சில தளங்களில் கேள்விக்குறியாக மாறிவிடும். அதனால் முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் படிவத்தில் ஒட்டுங்கள். தடித்த எழுத்து போன்ற அலங்காரங்கள் உதிர்ந்துவிடும். வளைந்த குறிகள் நோட்பேடிலும் அப்படியே நிற்கும், அவற்றை நேர்க்குறிகளாக நீங்களே மாற்ற வேண்டும். தமிழில் விடை எழுதும் படிவம் என்றால் இன்னும் கவனம்: 'கி' என்ற ஓரெழுத்தைக் கணினி இரண்டாக எண்ணும், பைட் கணக்கில் ஆறாக. 500 என்ற வரம்பு கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் 300க்கு அருகிலேயே தீர்ந்துபோகலாம். வரம்பு மீறியதைப் பல தளங்கள் எச்சரிக்காமல் வெட்டிவிடும், ஆகவே ஒட்டிய பின் கடைசி வரி இருக்கிறதா பாருங்கள். வேறொரு கல்லூரியின் பெயர் உள்ளே தங்கியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். ஒரே கட்டுரையைப் பல இடங்களுக்கு அனுப்புபவர்களுக்கு நேரும் மிகச் சங்கடமான பிழை அது.

ஆறாம் படி: படிவம்

கணினியில் நிரப்புங்கள், கைபேசித் திரையில் கீழிறங்கு பட்டியல்கள் நழுவும். ஒரு பகுதியை முடித்ததும் சேமியுங்கள். பல தளங்கள் இருபது முப்பது நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் தானாக வெளியேற்றிவிடும். ஒரே விண்ணப்பத்தை இரண்டு தாவல்களில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றில் சேமித்ததை இன்னொன்று பழைய தகவலால் அழித்துவிடும்.

மதிப்பெண்ணை நீங்களாகச் சதவீதமாகவோ நான்கு புள்ளி அளவாகவோ மாற்றிப் போட வேண்டாம், மாற்றும் விதி அறிவிப்பிலேயே கொடுக்கப்பட்டிருந்தால் ஒழிய. சான்றிதழில் உள்ளதை, அதன் உச்ச அளவோடு, அப்படியே போடுங்கள். தேர்வு முடிவு வரவில்லையென்றால் 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற தெரிவு இருக்கும். பூஜ்ஜியம் போட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

படிப்பின் குறியீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒரே பெயரில் முழுநேரம், பகுதிநேரம், வேறு வளாகம், வேறு ஆண்டுத் தொடக்கம் என்று நான்கைந்து வரிசை இருக்கும். சமர்ப்பித்த பிறகு பல இடங்களில் மாற்ற முடியாத பகுதி இதுதான்.

முடித்ததும் முன்னோட்டத்தைப் பிடிஎஃப்பாக இறக்கி, திரையில் இல்லாமல் அச்சிட்டுப் படியுங்கள். வேறொருவரிடம் கொடுத்துப் பெயர், தேதி, எண்களை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் சான்றிதழைப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஏழாம் படி: கட்டணம்

கட்ட வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பே அட்டையில் இணையப் பரிவர்த்தனையும், வெளிநாட்டுக் கல்லூரி என்றால் பன்னாட்டுப் பரிவர்த்தனையும் திறந்திருக்கிறதா, நாள் வரம்பு போதுமா என்று பாருங்கள். ஓடிபி வரும் கைபேசி யாருடையதோ அவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பணம் கணக்கில் குறைந்து, தளத்தில் 'நிலுவை' என்று காட்டினால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்ப உள்ளே வாருங்கள். பெரும்பாலான தளங்களில் 'நிலையைச் சரிபார்' என்ற பொத்தான் இருக்கும். மறுநாளும் அப்படியே இருந்தால் பரிவர்த்தனை எண், தொகை, நேரம் ஆகியவற்றோடு கல்லூரிக்கு எழுதுங்கள். கெடு சில மணி நேரத்தில் என்றால் கணக்கு வேறு: இரண்டாவது முறை கட்டிவிட்டு, முதல் தொகையைப் பிறகு திரும்பக் கேளுங்கள். இடம் போனால் வராது. கட்டணம் கட்டும் பக்கத்தில் பின்செல்லும் பொத்தானைத் தொட வேண்டாம்.

கட்டணச் சலுகை உண்டென்றால் அதற்கான விண்ணப்பம் தனியாக, முன்கூட்டியே போக வேண்டியிருக்கலாம்.

எட்டாம் படி: சமர்ப்பித்தல்

கட்டணம் கட்டியதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. பல தளங்களில் கட்டிய பிறகு திரும்ப வந்து, உறுதிமொழியில் குறியிட்டு, பெயரைத் தட்டச்சு செய்து, சமர்ப்பி என்பதை அழுத்த வேண்டும். 'சேமிக்கப்பட்டது', 'முழுமையடைந்தது' என்ற சொற்கள் சமர்ப்பித்ததற்கு அடையாளம் அல்ல. 'சமர்ப்பிக்கப்பட்டது' என்ற சொல், விண்ணப்ப எண், தேதியும் நேரமும் கொண்ட ஒப்புகைச் சீட்டு, உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்: இந்த நான்கும் இருந்தால்தான் முடிந்தது. சீட்டை இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள்.

ஒரு வாரம் கழித்துத் தளத்தில் நுழைந்து ஆவணப் பட்டியலைப் பாருங்கள். மதிப்பெண், பரிந்துரை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பெறப்பட்டது' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அனுப்பியவரிடம் அனுப்பிய தேதியைக் கேட்டு, அதைக் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். ஸ்பாம் பெட்டியை இந்த நாட்களில் தினமும் பாருங்கள். விடுபட்ட ஆவணம் கேட்டு வரும் கடிதத்துக்கும் ஒரு கெடு இருக்கும்.

எல்லாம் தள்ளிப்போய்க் கடைசி நாளில் நின்றால்

ஒரு நாள் இருந்தால், கணக்கு, கட்டணம், கட்டாய ஆவணங்கள், நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள், கட்டுரை என்ற வரிசையில் போங்கள். கட்டுரையை மெருகேற்றுவதில் மாலை வரை கழித்துவிட்டுக் கட்டணத்தில் மாட்டுவதைவிட, சுமாரான கட்டுரையோடு சமர்ப்பிப்பது மேல். மூன்று மணி நேரம்தான் இருக்கிறதென்றால் விருப்ப ஆவணங்களை விட்டுவிடுங்கள். அவற்றைப் பிறகு ஏற்கும் கல்லூரிகள் பல. அரை மணி நேரம் என்றால் எதையும் திருத்தாதீர்கள், சமர்ப்பியுங்கள். பரிந்துரை இன்னும் வரவில்லை என்பதற்காக உங்கள் பகுதியைப் பிடித்து வைக்க வேண்டாம், தளம் அனுமதித்தால் அனுப்பிவிடுங்கள்.

தளம் திணறினால் வேறு உலாவி, தனிப்பட்ட சாளரம், வீட்டு இணையத்துக்குப் பதில் கைபேசி இணையம் என்று ஒரு சுற்று முயலுங்கள். அதிலும் ஆகாவிட்டால், கெடு முடியும் முன்பே, திரையில் கடிகாரமும் பிழைச் செய்தியும் தெரியும்படி படம் பிடித்து, சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'முன்பே' என்பதுதான் முக்கியம். கெடுவுக்குப் பத்து நிமிடம் முன் வந்த கடிதம் சான்று. பத்து நிமிடம் பின் வந்தது வேண்டுகோள். இப்படி எழுதலாம்:

'மதிப்பிற்குரிய சேர்க்கைப் பிரிவு அலுவலருக்கு, என் விண்ணப்ப எண் இது. இன்று இந்த நேரத்தில் சமர்ப்பிக்க முயன்றபோது இணைப்பில் உள்ள பிழை வந்தது. வேறு உலாவியிலும் முயன்றேன். கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது, பரிவர்த்தனை எண் இது. நிரப்பிய படிவத்தின் முன்னோட்டத்தையும் ஆவணங்களையும் இணைத்திருக்கிறேன். விண்ணப்பத்தை ஏற்கவோ, மீண்டும் சமர்ப்பிக்க அனுமதிக்கவோ வேண்டுகிறேன்.'

புலம்பலோ குற்றச்சாட்டோ வேண்டாம். தளம் திரும்பியதும், பதிலுக்குக் காத்திராமல் சமர்ப்பித்துவிடுங்கள்.

கெடு தவறியேவிட்டால், அபராதக் கட்டணத்தோடு தாமத விண்ணப்பம் உண்டா, அடுத்த தொடக்கம் எப்போது, காலியிடச் சுற்று நடக்குமா என்று மூன்றையும் அதே வாரத்தில் கேளுங்கள். யூகாஸில், இடம் மீதமுள்ள படிப்புகளுக்கு ஜனவரிக்குப் பிறகும் ஜூன் 30 வரை விண்ணப்பிக்கலாம், அதற்குப் பிந்தியவை கிளியரிங் என்ற காலியிடச் சுற்றுக்குப் போகும். ஆனால் ஜனவரிக்குள் வந்தவர்களுக்குக் கிடைக்கும் சம பரிசீலனை பிந்தியவர்களுக்கு உறுதியில்லை. மொத்த விண்ணப்பத்தையும் கோப்புகளோடு ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு ஸ்கேன் வேலை மிச்சம்.